மேலே இருந்த ஒரு வரி

2019 அக்டோபர் 24, வியாழக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். வெளியே ஒரு பாகை வெப்பம். ஏரிப் பக்கமிருந்து வடகிழக்குக் காற்று. மழையாக இருப்பதா பனியாக இருப்பதா என்று முடிவு செய்யாத ஒன்று சன்னல் கண்ணாடியில் ஒட்டி வழிந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் மறுஆய்வு அலுவலர் திருமதி விட்கோம் என் மேசைக்கு வந்து, நான்காக மடித்திருந்த ஒரு தாளைப் பிரித்து வைத்தார். மடிப்புகள் பழந்துணிபோல நைந்திருந்தன.

“ஜொஸ்லின், இது நம்ம பக்கமா?”

பதினோரு ஆண்டுகள் பள்ளியில் இலக்கணம் கற்பித்துவிட்டு, பதின்மூன்று ஆண்டுகளாக வடகரை நில வாரியத்தின் இணையதளத்தை எழுதியும் திருத்தியும் வருகிறவள் நான். ஆயிரத்து நூற்று நாற்பது பக்கங்கள். அவற்றில் ஒன்றை அடையாளம் காண எனக்கு அரை நொடிக்கு மேல் ஆவதில்லை. தாளின் தலையில் வாரியத்தின் சின்னம். கீழே ‘கால வரம்பு’ என்ற தலைப்பு. அதன் கீழே முதல் வாக்கியம்: ‘குத்தகைதாரர் இறந்தால், அவருடைய வாரிசு பன்னிரண்டு மாதங்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்.’ அடி ஓரத்தில், கார்னட் பே ஊர் நூலகத்தின் அச்சுப்பொறி இட்ட நாள்: 2019 மார்ச் 27. வாக்கியம் என்னுடையது. அதில் பிழை இல்லை.

“நம்மளதுதான்,” என்றேன்.

“கேம்ப் இடத்துக்குத் தொண்ணூறு நாள் இல்லையா?”

“தொண்ணூறுதான். இது விவசாய நிலத்தோட பக்கம்.”

“அப்படின்னு இதுல எங்க போட்டிருக்கு?”

சின்னத்துக்கும் தலைப்புக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்கு வெறும் வெள்ளை. நான் அந்த இடத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

“மேல ஒரு வரி இருந்துச்சு,” என்றேன்.

தாளின் உரிமையாளர் ரெய்னோ ஹாபலா, வயது எழுபத்திரண்டு, காட்டில் மரம் வெட்டி ஓய்வு பெற்றவர். எங்கள் பக்கத்தில் கேம்ப் என்றால் ஏரிக்கரையில் மரத்தால் கட்டிய சிறு வீடு; வாரியத்தின் தாள்களில் அது ஏரிக்கரைக் குடில். நிலம் வாரியத்துடையது; வீடு கட்டியவருடையது. லூன்ஃபுட் ஏரியில் இருக்கும் அந்த வீட்டை 1961இல் அவருடைய மாமனார் கட்டினார். குத்தகை மாமனாரிடமிருந்து அவர் மகளும் ரெய்னோவின் மனைவியுமான வேர்னாவின் பெயருக்கு வந்தது. பெரும்பாலோர் கோடைக்கு மட்டும் போகிற இடத்தில் ரெய்னோவும் வேர்னாவும் பதினாறு ஆண்டுகளாகப் பனிக்காலத்திலும் குடியிருந்தார்கள். வேறு வீடு இல்லை. 2019 மார்ச் 3ஆம் நாள் வேர்னா இறந்தார். ஏரிக்கரைக் குத்தகையில் வாரிசு தொண்ணூறு நாட்களுக்குள் விண்ணப்பிக்காவிட்டால் குத்தகை காலாவதியாகும். கட்டடத்தை வாரிசே பிரித்தெடுத்து, நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். ரெய்னோ செப்டம்பர் 20ஆம் நாள் விண்ணப்பித்தார். அக்டோபர் 8ஆம் நாள் மறுப்புக் கடிதம் போயிற்று. அவர் மேல்முறையீடு செய்தார். அதற்குச் சான்றாக இந்த ஒரு தாளை இணைத்தார்.

அந்த வரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் அதற்கு ரொட்டித்தூள் என்று பொருள்படும் ஒரு பெயர் உண்டு. காட்டுக்குள் போகிற குழந்தைகள் திரும்பி வர வழியெங்கும் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு போவதும், பறவைகள் அதைத் தின்றுவிடுவதுமான பழங்கதையிலிருந்து வந்தது. கதையின் பின்பாதியை நினைத்துப் பார்த்தவர் எவரும் அந்தப் பெயரை வைத்திருக்க மாட்டார். நான் அதைத் தடவரி என்பேன். பக்கத்தின் உச்சியில் சிறிய எழுத்தில், சாம்பல் நிறத்தில், ‘முகப்பு › நிலம் › குத்தகை › விவசாய நிலம் › கால வரம்பு’ என்று ஓடும். முகப்பிலிருந்து படிப்படியாக உள்ளே வந்தவருக்கு அது தேவைப்படாது. வந்த வழி அவருக்குத் தெரியும். ஆனால் தேடுபொறி எவரையும் வாசல் வழியாக அழைத்து வருவதில்லை. கூரையைப் பிரித்து நேராக உள்ளறையில் இறக்கிவிடுகிறது. இறங்கியவர் நிற்பது எந்த வீடு, அந்த வீட்டில் எந்த அறை என்று சொல்வதற்கு அந்த ஒரு வரிதான் உண்டு.

தடவரி இருந்த காலத்தில் நான் ஒரு விதி செய்தேன். வாரியத்தின் எழுத்துக் கையேட்டில் அது ஏழாம் விதி: ‘தடவரி சொல்வதைத் தலைப்பு மீண்டும் சொல்லக் கூடாது.’ அதற்கு முன்பு தலைப்புகள் ‘விவசாய நிலக் குத்தகை: வாரிசுப் பெயர் மாற்றத்துக்கான கால வரம்பு’ என்று மூச்சிரைத்துக்கொண்டு கிடந்தன. தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பவர் தன் தெருப் பெயரைச் சொல்லிக்கொண்டே இருப்பதில்லை என்று பயிற்சி வகுப்பில் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். 2011 கோடை முழுவதும் தலைப்புகளைச் சீவினேன். முடிவில் இணையதளத்தில் ‘கால வரம்பு’ என்ற ஒரே தலைப்பில் நான்கு பக்கங்கள் இருந்தன: விவசாய நிலம், ஏரிக்கரைக் குடில், கல் வெட்டும் குழி, படகுத்துறை. நான்குக்கும் மேலே நான்கு வேறு தடவரிகள். எதுவும் கூடவில்லை, எதுவும் குறையவில்லை. அந்தக் கோடையைப் போல நான் மகிழ்ச்சியாக வேலை செய்ததில்லை என்பதையும் இங்கே குறித்துவைக்க வேண்டும்.

2018 தொடக்கத்தில் புதிய வடிவமைப்பு வந்தது. இணையப் பிரிவின் தலைவர் பேரி ஸ்டெங்கா அதற்கு முன்பே ஆறு வாரம் எண்ணிப் பார்த்திருந்தார். ஆயிரம் பேர் வந்தால் ஒன்பது பேர்தான் தடவரியில் சொடுக்கினார்கள். செல்பேசித் திரையிலோ அது இரண்டு வரிகளை அடைத்துக்கொண்டது. “ஆயிரத்துல ஒம்போது பேருக்காக மிச்சம் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தோரு பேரு விரலால தள்ளிக்கிட்டே இருக்கணுமா?” என்று கேட்டார். கூட்டம் அடுத்த பொருளுக்குப் போனது. நெடுஞ்சாலையில் நிற்கும் ஊர்ப்பெயர்ப் பலகையை எத்தனை பேர் இறங்கிவந்து தொடுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு அதைப் பிடுங்கலாமா என்ற கேள்வி எனக்கு மூன்று நாட்களுக்குப் பின், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது தோன்றியது. அதற்குள் மாற்றத்துக்கான ஒப்புதல் படிவத்தில் நான் ஒப்பமிட்டாகிவிட்டது. பிப்ரவரி 6, செவ்வாய்க்கிழமை. படிவத்தின் நான்காம் கேள்வி: ‘தடவரியை நீக்குவதால் பக்கங்களின் எழுத்தில் மாற்றம் தேவைப்படுமா?’ ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். ஆம் என்றால் நான் சீவிய தலைப்புகள் அனைத்தையும் மறுபடி நீளமாக்க வேண்டும். மறதி என்று சொல்ல எனக்கு ஆசைதான். மறதி இல்லை. பேனா ஒரு கணம் ‘ஆம்’ கட்டத்தின் மேல் நின்றது, பிறகு நகர்ந்தது.

விட்கோம் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போன மறுநாள், பேரி இரண்டு குவளைக் காப்பியோடு என் அறைக்கு வந்தார். அவர் நல்ல மனிதர். ஓய்வு பெற இரண்டு ஆண்டுகள் இருந்தன. அவர் மனைவிக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தபோது நான் சமைத்துக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். என் பழைய வேலையை வைத்து என்னை எப்போதும் டீச்சர் என்றுதான் அழைப்பார்.

“டீச்சர், விட்கோம் உன்கிட்ட எழுதிக் கேட்டிருக்காங்களாமே?”

“கேட்டிருக்காங்க.”

“கேள்வி ஒண்ணுதானே. மார்ச் மாசம் நம்ம தளத்துல கேம்ப் நிலத்துக்குச் சரியான கெடு போட்டிருந்துச்சா, இல்லையா? போட்டிருந்துச்சு. அதை எழுதி முற்றுப்புள்ளி வை. உனக்குத்தான் முற்றுப்புள்ளின்னா உசுராச்சே.”

“அவரு வந்து விழுந்த பக்கத்துல இல்லையே, பேரி.”

“அது அவங்க கேக்கல.”

“கேக்கலதான்.”

“கேக்காத கேள்விக்குப் பதில் எழுதினா, உன் ஸ்கூல்ல மார்க் குடுப்பியா நீ?”

எனக்குச் சிரிப்பு வந்தது; அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். போகும்போது கதவருகில் நின்று, குரலைத் தாழ்த்தி, “அந்த ஆளுக்காக எனக்கும் வருத்தம்தான். ஆனா நாளைக்கு இந்த மாதிரி நூறு பேரு தாளைத் தூக்கிட்டு வந்தா யாரு பதில் சொல்றது?” என்றார். நூறு பேர் இருக்கக்கூடும் என்பதை எங்களில் முதலில் வாய்விட்டுச் சொன்னவர் அவர்தான்.

விதி தெளிவானது. ‘கெடுவை அறிந்திருக்க விண்ணப்பதாரருக்கு நியாயமான வாய்ப்பு இருந்திருக்கவில்லை’ என்று மறுஆய்வு அலுவலர் கண்டால் மட்டுமே காலத்தை நீட்டிக்கலாம். ஆகவே பேரியின் ஒற்றை வாக்கியம் ரெய்னோவின் வீட்டைப் பிரித்துவிடப் போதுமானது. ‘சரியான கால வரம்பு இணையதளத்தில் வெளியிடப்பட்டிருந்தது.’ அதைத் தட்டச்சு செய்து பார்த்தேன். எழுவாய், பயனிலை, காலம், எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. உண்மையும்கூட. என் வாழ்நாளில் நான் எழுதிய வாக்கியங்களில் அவ்வளவு உறுதியாக நின்ற வேறொன்று நினைவில்லை. அன்று முழுவதும் திரையில் அதை அப்படியே விட்டுவிட்டு வேறு பக்கங்களைத் திருத்தினேன். மாலையில் அதன் கீழே எழுதத் தொடங்கினேன். முகப்பிலிருந்து வருபவர் அந்தக் கெடுவை அடைய ஐந்து சொடுக்குகள். தேடுபொறியில் ‘கேம்ப் குத்தகை, வாரிசு, கால வரம்பு’ என்று தேடுபவருக்கு முதலில் வருவது விவசாய நிலத்தின் பக்கம். அதைத்தான் அதிகம் பேர் படிக்கிறார்கள் என்பதால் அது முன்னே நிற்கிறது. அந்தப் பக்கம் எந்த நிலத்தைப் பற்றியது என்று சொன்ன ஒரே வரி நீக்கப்பட்டுவிட்டது. அந்த நீக்கத்துக்கு எழுத்துத் தரப்பில் ஒப்புதல் அளிக்கப்பட்டது என்று எழுதி, அடித்து, நான் ஒப்பமிட்டேன் என்று எழுதினேன். இரண்டு பக்கங்கள் வந்தன. பேரிக்கு ஒரு படி அனுப்பினேன். அடுத்த வாரம் முழுவதும் அவர் காப்பி அறையில் என்னைப் பெயர் சொல்லி அழைத்தார்.

விசாரணை நவம்பர் 14. சிறிய அறை, நீள்மேசை, சுவரில் மாவட்டத்தின் ஏரிகள் எல்லாம் நீலப் பொட்டுகளாக இருக்கும் வரைபடம். ரெய்னோ தனியாக வந்திருந்தார். முடியை ஈரமாக்கி வாரியிருந்தார். சட்டையின் மேல் பொத்தான் வரை போட்டிருந்தார். அந்தச் சட்டையை இதற்கு முன் எந்த நிகழ்ச்சிக்குப் போட்டிருப்பார் என்று ஊகிக்க முடிந்தது. இடது காது மந்தம் என்பதால் விட்கோம் அவரை வலப்புறம் உட்காரவைத்தார்.

“திரு. ஹாபலா, மார்ச்சிலேயே இந்தப் பக்கத்தைப் படிச்சிருக்கீங்க. ஏன் செப்டம்பர் வரைக்கும் இருந்தீங்க?”

“ஒரு வருசம்னு போட்டிருந்துச்சே.”

“இருந்தாலும், சீக்கிரம் முடிச்சிடலாம்னு தோணலையா?”

“வேர்னா போட்டுக்கிட்டிருந்த கோட்டையே நான் ஆகஸ்டுலதான் ஆணியிலேர்ந்து எடுத்தேன். கோட்டை எடுக்காம பேரை எப்படி எடுக்கிறது?”

விட்கோம் அதை எழுதிக்கொள்ளவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தார்.

“பக்கத்தோட அஞ்சாவது பத்தியில வேலி, கொட்டகை, களஞ்சியம்னு வருது. இது விவசாய நிலத்துக்குன்னு அதை வெச்சுத் தெரிஞ்சிருக்கலாமேன்னு கேட்டா என்ன சொல்வீங்க?”

“எனக்கும் கொட்டகை இருக்கு. ரெண்டு. ஒண்ணு விறகுக்கு, ஒண்ணு படகுக்கு. வேலியும் இருக்கு, கரடிக்கு.” அவர் சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்புக்கு இடம் விட்டார். பிறகு, “நான் நாப்பது வருசம் காட்டுல வேலை பார்த்தவன், மேடம். வழி தப்பிட்டா எனக்குத் தெரியும். நின்னுடுவேன். ஒரு மரத்துல சாஞ்சு உக்காந்து, வந்த தடத்தை யோசிச்சுப் பார்ப்பேன். இங்க வழி தப்பினதே தெரியலையே. எல்லாம் சரியா வந்து சேந்த மாதிரியே இருந்துச்சு,” என்றார்.

பதின்மூன்று ஆண்டுகளில் தடவரியின் பயனைப் பற்றி மூன்று பயிற்சிக் கையேடுகள் எழுதியிருக்கிறேன். அவற்றில் எங்கும் இந்த வாக்கியம் இல்லை.

பிறகு என்னைக் கேட்டார்கள். என் அறிக்கையை விட்கோம் வரிவரியாக எடுத்தார். தலைப்பிலேயே ‘விவசாய நிலம்’ என்று இருந்திருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்குமா என்றார். வந்திருக்காது என்றேன். அப்படி எப்போதாவது இருந்ததா என்றார். இருந்தது, 2011 வரை, என்றேன். எடுத்தது யார் என்றார். இந்தக் கேள்விக்கான விடை அறிக்கையில் இல்லை. அது கேட்கப்படாத கேள்விகளில் ஒன்று. அதை மட்டும் நான் எழுதாமல் விட்டிருந்தேன் என்பது கேட்கப்பட்ட பிறகே எனக்குத் தெரிந்தது.

“நான்தான்,” என்றேன்.

நடைவழியில், கோட்டு மாட்டும் கொக்கிகளின் அருகே, ரெய்னோ நின்றுகொண்டிருந்தார். என்னைத் தவிர்த்துப் போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் வலக்காதை என் பக்கம் திருப்பினார்.

“நீங்கதான் அந்த வார்த்தைய எடுத்தவங்களா?”

“ஆமா.”

“என்னத்துக்கு?”

பல விடைகள் உண்டு. கூறியது கூறல் குற்றம், திரை சிறிது, மேலே ஒரு வரி இருந்தது. “சுத்தமா இருக்கணும்னு,” என்றேன்.

அவர் தலையாட்டினார். “இருந்துச்சு. சுத்தமாத்தான் இருந்துச்சு. நூலகத்துல அந்தப் பொண்ணு நாலஞ்சு பக்கம் எடுத்துக் காட்டுச்சு. மத்ததெல்லாம் ஒரே விளம்பரமும் கூச்சலுமா இருந்துச்சு. உங்களது மட்டும் அமைதியா, நேரா பேசுச்சு. அதான் நம்பினேன்.” கோட்டின் ஒரு கையை மாட்டினார், மறு கை கிடைக்கவில்லை, நான் பிடித்துவிடலாமா என்று யோசிப்பதற்குள் தாமே மாட்டிக்கொண்டார். “குத்தமாச் சொல்லல. கேட்டீங்கன்னு சொன்னேன்.” நான் கேட்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை, யாரிடமும் சொல்லாமல், நான்கு ‘கால வரம்பு’ பக்கங்களின் தலைப்பையும் மாற்றினேன். பழைய நீளமான, மூச்சிரைக்கும் தலைப்புகள். திரையில் இரண்டு வரிக்கு மடங்கி, அசிங்கமாக, ஐயத்துக்கு இடமில்லாமல் நின்றன. புதன்கிழமை பேரி வந்தார். காப்பி கொண்டுவரவில்லை.

“டீச்சர், தலைப்பெல்லாம் வளந்திருக்கே.”

“தேவைப்பட்டுச்சு.”

“தேவைதான், யாரு இல்லன்னா? தடவரியவே திருப்பிக் கொண்டுவர்றேன், நானே கையெழுத்துப் போடறேன். ஆனா இப்ப இல்ல. தீர்ப்பு வரட்டும். விசாரணை நடந்துக்கிட்டு இருக்கும்போது பக்கத்தை மாத்தினா, தப்புன்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி. வக்கீல் சொல்லியாச்சு. பழையபடி ஆக்கிடு.”

“அதுவரைக்கும் வர்றவங்க?”

“மூணு வாரம்தானே.”

மறுத்திருக்கலாம். கடிதம் எழுதியிருக்கலாம். விட்கோமிடம் போயிருக்கலாம், அவர் விசாரிக்கும் வழக்கு என்பதால் அவரால் எதுவும் செய்ய முடிந்திருக்காது என்றாலும், போயிருக்கலாம். பேரி கதவை மூடிக்கொண்டு போனபின் நான்கு பக்கங்களையும் திறந்து, 2011இல் நீக்கிய அதே சொற்களை அதே வரிசையில் இரண்டாம் முறை நீக்கினேன். முதல் முறை ஒரு கோடை பிடித்தது. இம்முறை நான்கு நிமிடம். அன்றிலிருந்து டிசம்பர் 12 வரை, விவசாய நிலத்தின் அந்தப் பக்கத்துக்குத் தேடுபொறி வழியாக மட்டும் நாற்பத்தேழு பேர் வந்து போனார்கள். எண்ணிக்கை தெரியும், அவர்களில் யார் எந்த நிலத்துக்காக வந்தார், யார் வீட்டில் யார் இறந்திருந்தார் என்பது தெரியாது. சராசரியாக ஒருவர் ஒரு நிமிடம் பத்து நொடி இருந்திருக்கிறார். முதல் வாக்கியத்தை இரண்டு முறை படித்து, ஒரு தாளில் குறித்துக்கொள்ளப் போதுமான நேரம்.

அந்த நாட்களில் வேலை முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது ஊரில் உள்ள பலகைகளைப் படித்துக்கொண்டே போகும் பழக்கம் வந்தது. மருந்துக் கடை. தேவாலயத்தின் பக்க வாசல். ‘பனி அள்ளும் வண்டிக்கு வழி விடவும்’. துறைமுகத்தில் கடைசிக் கப்பல் தானியம் ஏற்றிக்கொண்டு போய்விட்டிருந்தது. கரையோரம் பனிக்கட்டி பால் ஆடைபோல் பிடிக்கத் தொடங்கியிருந்தது. லூன்ஃபுட் ஏரி இதற்குள் உறைந்திருக்கும். தம் பெயரில் இல்லாத ஒரு வீட்டின் அடுப்பில், அடுத்த பனிக்காலத்துக்கும் சேர்த்து விறகு பிளந்து வைப்பதா வேண்டாமா என்று தெரியாத ஒருவர் தீ மூட்டிக்கொண்டிருப்பார். அவர் விறகு பிளந்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

டிசம்பர் 12, வியாழக்கிழமை. நண்பகலில் விட்கோம் முடிவில் கையெழுத்திட்டார். ஏரிகளுக்கு அஞ்சல் போவதில்லை. நெடுஞ்சாலை முனையில் இருக்கும் பெட்டிகள் வரைதான். ஆகவே ஏரிக்கரை வழக்குகளின் முடிவுகளை வாரியத்தின் முகப்பு மேசையில், கையொப்பம் பெற்றுக்கொண்டு, நேரில் கொடுப்பது வழக்கம். முகப்பு மேசைப் பெண் காய்ச்சலில் விடுப்பு; அவர் இடத்தில் என்னை உட்காரவைத்தார்கள். சாட்சி சொன்னவர் முடிவைக் கையளிக்கக் கூடாது என்று விதி இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூன்று மணி பத்து நிமிடத்துக்கு ரெய்னோ வந்தார். வெளியே உறைநிலைக்குக் கீழே பத்தொன்பது பாகை. கதவு திறந்ததும் தரையோடு குளிர் ஓடி வந்து என் கால்களை அடைந்தது. தெருவில் அவருடைய வண்டி எஞ்சின் நிறுத்தப்படாமல் புகைவிட்டுக்கொண்டிருந்தது. தொப்பியைக் கழற்றினார். என்னைப் பார்த்ததும் நின்றார்; பிறகு வந்தார்.

“நீங்களா குடுக்கப்போறீங்க?”

“வேற ஆள் இல்ல. உங்களுக்கு வேண்டாம்னா திருமதி விட்கோமைக் கூப்பிடறேன்.”

“எதுக்கு? யாரு குடுத்தாலும் உள்ள இருக்கிறது அதேதானே.”

பதிவேட்டைத் திருப்பி அவர் பக்கம் வைத்தேன். கையுறையைக் கழற்றாமலே, தம் பெயரை மெதுவாக, ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாக எழுதினார். நாள் எழுத வேண்டிய கட்டத்தில் பேனாவை நிறுத்தினார்.

“இதுல முடிவு புடிக்கலன்னா மேல போகலாம்ல?”

“மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். இன்னைலேர்ந்து முப்பது நாள்.”

“முப்பது.” அவர் என் முகத்தைப் பார்த்தார். “எந்த நிலத்துக்கு?”

“எல்லா நிலத்துக்கும். ஏரி, விவசாயம், எதுவா இருந்தாலும் முப்பதுதான். எழுதித் தர்றேன்.”

சிறு தாளில் எழுதினேன்: ‘லூன்ஃபுட் ஏரியில் உள்ள ஏரிக்கரைக் குடில் குத்தகை தொடர்பான முடிவுக்கு எதிராக மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்வதற்கான கடைசி நாள்: 2020 ஜனவரி 11, சனிக்கிழமை.’ பள்ளியில் ஒரு மாணவி எழுதியிருந்தால் பாதிச் சொற்களைச் சிவப்பில் அடித்திருப்பேன். சனிக்கிழமை நீதிமன்றம் மூடியிருக்கும் என்பதால், ‘அதற்கு முந்திய வெள்ளிக்கிழமைக்குள் போய்விடவும்’ என்பதையும் சேர்த்தேன். அவர் அதை உதடசைத்துப் படித்து, சட்டைப் பையில் வைத்தார்.

“உள்ள என்ன போட்டிருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?”

“தெரியாது. மத்த முடிவெல்லாம் கையெழுத்துக்கு முன்னாடி என்கிட்ட பிழை பாக்க வரும். இது வரல.”

அது உண்மை. ஆனால் உறை என் கையில் இருந்தது. அதன் கனம் என் கையில் இருந்தது. ஏற்கிற முடிவுகள் ஒரு தாள். விண்ணப்பம் ஏற்கப்பட்டது, இன்ன நாள் முதல், அவ்வளவுதான். மறுக்கிறவற்றுக்குக் காரணங்கள் எழுத வேண்டும்; அவை நான்கு தாளுக்குக் குறைவதில்லை. இதில் ஏழெட்டு இருக்கும். ஆனால் வாரியத்தின் மேலேயே குறை கண்டு ஒருவருக்கு ஏற்பளித்த முடிவு ஒன்றுகூட இதுவரை என் கைக்கு வந்ததில்லை. அப்படி ஒன்று எழுதப்பட்டால் அது எத்தனை தாளுக்குப் போகும் என்று சொல்ல என்னிடம் முன்மாதிரி இல்லை.

அவர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “தடிமனா இருக்கு, இல்ல?”

“இருக்கு.”

“அதுக்கு அர்த்தம் என்னன்னு உங்களுக்குத் தெரியும்.”

“சரியாத் தெரியாது.”

“அப்ப சொல்லாதீங்க.”

அவர் வலக்கைக் கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றினார். விரல்நுனிகள் சிவந்து வெடித்திருந்தன. கட்டைவிரல் நகத்தின் இடுக்கில் மரப்பட்டையின் கறுப்பு. உள்ளங்கையில் கோடாலிக் காம்பு பதித்த புதிய கொப்புளம் ஒன்று, இன்னும் உடையாமல், நீர் கோத்து மினுங்கியது. அந்தக் கையைக் கோட்டில் இரண்டு முறை துடைத்துக்கொண்டு நீட்டினார். உறையை, அவர் பெயர் அவருக்கு நேராகத் தெரியும்படி திருப்பி, அதன் மேல் வைத்தேன்.